குகனுக்கு, ஆதியின் பட்டியல் பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு 06

டேய் குகன்,

ஆதியின் சைக்கிளுக்கு அந்தக் கார்பன் ஃபோர்க்கை, அதுதான் முன் சில்லைப் பிடிக்கிற கவையை, வாங்கிவிடாதே. வாங்கியிருந்தால் கடைக்காரன் திருப்பி எடுப்பானோ என்று கேட்டுப் பார். நீ எந்தக் கடிதத்தையும் முதல் பந்தியோடு மடித்து வைக்கிறவன், அதுதான் தலையிலேயே எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ. அத்தான் ஓய்வு பெற்ற நாளில் இருந்து வீட்டில் எல்லாருக்கும் புத்தி சொல்லிக்கொண்டு திரிகிறார். சரி, சுகம் விசாரித்தாயிற்று.

என் அருமை மருமகன் ஆதி, சைக்கிளின் பாரத்தைக் குறைக்கிற சாமான்கள் என்று எனக்குத் தெரியாமல் உனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான். நீயும் பெரிய மனிசன் மாதிரி டிசம்பரில் வரும்போது கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாய். எப்படிப் பிடிபட்டது தெரியுமா? அக்கா கேக்குக்கு மா நிறுக்கப் போனால் தராசைக் காணவில்லை. தேடினால் ஆதியின் அறையில் தராசுக்கு மேலே ஒரு பெடல், பக்கத்தில் கெமிஸ்ட்ரி கொப்பியின் பின்பக்கத்தில் ஆணி ஆணியாகக் கிராம் கணக்கு. பட்டர் நிறுக்கிற தட்டு முழுக்கச் செயின் எண்ணெய். ஏ. எல். சோதனைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை! அக்கா என்னைத்தான் பேசினாள். சைக்கிளைப் பழக்கிவிட்டது நான்தானே.

நீ நினைக்கிற மாதிரி அவன் முன் சில்லைத் தூக்கிக்கொண்டு மரைன் டிரைவில் பறக்கிறவன் இல்லை. அவன் ஓடுவது ட்ரயல்ஸ், அதற்கு நேரெதிர். வேகமே இல்லை. சீற் கூட இல்லாத சைக்கிள். கல்லில் இருந்து கல்லுக்கு, மரத்தட்டில் இருந்து மதிலுக்கு, கால் ஊன்றாமல் பாய வேண்டும். புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டுவதில் நீ வருஷா வருஷம் வென்று பிளாஸ்டிக் வாளிகளாக வீட்டுக்குக் கொண்டுபோனாயே, அதன் அண்ணன்தான் இது. முன் சில்லைச் சற்றுத் திருப்பி, பெடலில் மெல்லிய அழுத்தம் வைத்து, நின்ற இடத்திலேயே நிற்பாய். ஆதிக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது அதைத்தான். குகன் மாமா இதில் சம்பியன் என்றேன். ஃபேஸ்புக்கில் உன் படத்தைப் பார்த்துவிட்டு நம்பமாட்டேன் என்கிறான். முதலில் உன்னுடைய தொந்தியைக் குறை, பிறகு அவனுடைய சைக்கிளைக் குறைக்கலாம்.

அவனுக்குப் பைத்தியம் பிடித்தது டானி மக்காஸ்கிலால். எடின்பரோவில் சைக்கிள் மெக்கானிக்காக இருந்த ஆள். 2009இல் அவர் இரும்புக் கம்பி வேலிக்கு மேலே சைக்கிள் ஓடின காணொளி வந்தபோது ஆதி தவழ்கிற குழந்தை. இப்போது ரயில் பாதைக்குக் கடல் பக்கமாகக் குவித்திருக்கிற பெரிய கற்களில் இவன் பாய்கிறான். பாசி இல்லாத, காய்ந்த கற்களில் மட்டும்தான், அதுவும் நான் பக்கத்தில் நின்றால்தான். பாசிக் கல்லுக்கு எந்த ரயரும் மருந்தில்லை.

பின் சில்லில் மட்டும் நிற்பான். பின் பிறேக் ஒரு விரலில் பூட்டியிருக்கும். நல்ல கால் முன்னுக்கு, பெடல் கிடைமட்டத்தை விடக் கொஞ்சம் மேலே. முழங்காலை மடித்து இறங்கி, பிறேக்கை விட்டு, பெடலைக் கால்வாசிச் சுற்று உதைத்து, இடுப்பை முன்னுக்கு எறிந்து, அடுத்த கல்லில் பின் சில்லு படுகிறபோதே திரும்பவும் பூட்ட வேண்டும். எல்லாம் ஒரே மூச்சில். பார்க்கிறவனுக்குச் சைக்கிள் தானாகத் துள்ளுகிற மாதிரித்தான் தெரியும். தொடங்குகிற எல்லாரும் ஹாண்டிலைக் கையால் இழுத்துத் தூக்கப் பார்ப்பார்கள். கை வெறும் கயிறு மச்சான், பலம் முழுக்க முழங்காலிலும் இடுப்பிலும். இது விளங்கும் வரைக்கும் பெடியன் மணிக்கட்டில் பாம் பூசிக்கொண்டு திரிந்தான். இப்போது அவன் பாயும்போது பிறேக் போடுகிற கிறீச்சுச் சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். ரிம்மைக் கிறைண்டரால் உரசிச் சொரசொரப்பாக்கி வைத்திருக்கிறோம், மழைக்கும் பிடிக்கட்டும் என்று. பக்கத்து வீட்டு அன்ரி இரண்டு தரம் வந்து சண்டை பிடித்துவிட்டுப் போனா.

இனிக் கணக்குக்கு வா. கணக்கில் நீ புலி, எனக்குத்தான் ரியூசன்.

இந்த இருபது அங்குலச் சைக்கிளில் பிரீவீல், அதுதான் முன்னுக்கு உதைத்தால் பிடித்துப் பின்னுக்குச் சுற்றினால் வழுகுகிற பல்லுச் சக்கரம், முன்னுக்கு, பெடலைப் பிடிக்கிற தண்டான கிராங்கிலேயே இருக்கும். முன்னுக்கு 18 பல்லு, பின்னுக்கு 12. இப்போது அவனிடம் இருப்பது ஒரு சுற்றில் 18 இடத்தில் மட்டும் பிடிக்கிற பிரீவீல். 360ஐ வகுத்துப் பார், 20 பாகை. 170 மில்லிமீற்றர் கிராங்கில் அது பெடலடியில் 6 சென்ரிமீற்றர். அதாவது உதைக்கத் தொடங்கி 6 சென்ரிமீற்றர் வரைக்கும் கால் வெறுமனே இறங்கலாம். கால்வாசிச் சுற்று உதை முழுவதுமே 27 சென்ரிமீற்றர்தான்! அதில் 6 காற்றில் போனால் மிச்சத்தை வைத்து எங்கே பாய்கிறது? அதைவிடக் கூடாத விஷயம், அந்த 6 ஒவ்வொரு தரமும் 6 ஆக இராது. ஒருதரம் உடனே பிடிக்கும், மற்றத்தரம் வழுகிப்போய்ப் பிடிக்கும். கால் எதை நம்பிப் பழகுவது? 108 இடத்தில் பிடிக்கிற பிரீவீல் இருக்கிறது. அதில் இந்த வெறும் ஓட்டம் அதிகம் போனால் 1 சென்ரிமீற்றர். அவனுடைய பாய்ச்சல் அரைச் சாண் கூட வேண்டுமென்றால் வாங்க வேண்டியது அதைத்தான்.

அது அவனுடைய பட்டியலில் இல்லை. ஏன் தெரியுமா? அதை மாட்டினால் நிறை குறையாது. தராசில் காட்டாதது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவனுடைய சைக்கிள் ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. உலகப் போட்டிக்காரர் எட்டுக்குக் கீழேயும் வைத்திருக்கிறார்கள், அது உண்மைதான். பாரம் குறைவதில் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. முன் பக்கம் லேசானால் பின் சில்லில் நிற்பது சுகம், பக்கவாட்டில் துள்ளி உயரத்துக்கு ஏறுவதும் சுகம். ஆனால் எங்கே குறைக்கிறோம் என்று ஒன்று இருக்கிறது. உடைந்தால் நடந்து வீட்டுக்கு வரலாம் என்கிற சாமான்களில் எவ்வளவும் குறைக்கட்டும். மெல்லிய ரியூப் போடட்டும். பின் ரயரில் 20 பி.எஸ்.ஐ. அளவு காற்றோடு கல் விளிம்பில் விழுந்தால் ரியூப் நசிந்து இரண்டு ஓட்டை விழும். ஒட்டிவிட்டு அடுத்த நாள் போகலாம். துளை போட்ட ரிம், மடிக்கிற ரயர், உள்ளே குழாயாக இருக்கிற அச்சு, எல்லாம் நல்லது. ஃபோர்க், ஹாண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம், ஹாண்டில், கிராங்க், செயின் ஐந்திலும் கை வைக்கக் கூடாது. இவற்றில் எது போனாலும் முதலில் கல்லில் படுவது முகம்.

கார்பன் பலமில்லாத சாமான் இல்லை. பெரிய போட்டிக்காரர் அதில் ஓடுகிறார்கள். அவர்களுக்குச் சந்தேகம் வந்தால் அடுத்த நாளே புதியதை மாட்ட ஆள் இருக்கிறது. இவன் விழுத்துவது கருங்கல்லில். கார்பனுக்குள்ளே அடி பட்டால் வெளியே பூச்சு வடிவாய்த்தான் இருக்கும். அலுமினியத்தில் கீறலை நான் விரலால் தடவிக் கண்டுபிடிப்பேன், கார்பனில் எதைத் தடவுகிறது?

அலுமினிய ஆணியும் கேட்டிருக்கிறான், ஸ்டெம்முக்கு. அடர்த்தி இரும்புக்கு 7.8, டைட்டேனியத்துக்கு 4.5, அலுமினியத்துக்கு 2.7 என்று எனக்கே வகுப்பு எடுத்தான். படித்த பிள்ளை. இரும்பு ஒரு அளவுக்குக் கீழே எத்தனை லட்சம் தரம் ஆடினாலும் தாங்கும், அலுமினியத்துக்கு அப்படி ஒரு கீழ் எல்லை கிடையாது, ஒவ்வொரு குதியும் அதன் ஆயுளில் கழியும் என்பதை அவனுடைய புத்தகம் இன்னும் சொல்லவில்லைப் போல. ஹாண்டிலையும் ஸ்டெம்மையும் நல்லாய் இருக்கும்போதே கழற்றி எறிகிறார்கள் என்றால் இதற்குத்தான். டைட்டேனியம் ஆணி என்றால் வாங்கு, அதற்கு நானும் ஆதரவு. இங்கே கடற்காற்றில் இரும்பாணி எல்லாம் துருப்பிடித்து அப்பளமாய்ப் போகிறது, டைட்டேனியம் அசையாது. ஆனால் கிறீஸ் பூசாமல் அலுமினியத்துக்குள் முடுக்கினால் உப்பு இரண்டையும் ஒட்டிவிடும், பிறகு பரமசிவன் வந்தாலும் கழராது. மக்னீசியம் பெடல் என்று ஒன்று எழுதியிருக்கிறானா? வெட்டு. வெள்ளவத்தையில் மக்னீசியம் ஒரு மழைக்காலம் தாங்காது.

கிராங்கைப் பஞ்சிகாவத்தையில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து ஓட்டை போடுவித்தால் நாற்பது கிராம் குறையுமாம். இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. ரிம்மில் அளந்து வடிவமைத்த துளை வேறு, கிராங்கில் கண்ட இடத்தில் துளைப்பது வேறு. துளை விளிம்பில்தான் வெடிப்புத் தொடங்கும். போகிற வழியில் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டுப் போடா, ஐந்நூறு கிராம் குறையும் என்றேன். இரண்டு நாள் கதைக்கவில்லை.

செயினுக்கு வருகிறேன். எனக்கு நித்திரை வராமல் செய்வது இதுதான் குகன். உட்துளை ஆணி போட்ட மெல்லிய செயின் ஒன்று பட்டியலில் இருக்கிறது. பின் சில்லில் நின்று, உடம்பின் முழுப் பாரத்தையும் ஒரு பெடலில் போட்டு உதைக்கிற அந்தக் கணத்தில் செயின் அறுந்தால் கீழே பிடிக்க ஒன்றும் இல்லை. கால் நேரே இறங்கும், நாடி ஸ்டெம்மில் போய் அடிபடும், அடியில் கல். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அடிமட்டத்தை வைத்து அவனுடைய செயினை அளக்கிறேன். பன்னிரண்டு அங்குலத்தில் ஒரு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் அது குப்பைக்கு. சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

இங்கிலாந்தில் மார்ட்டின் ஆஷ்டன் என்று ஒருவர், இந்த விளையாட்டில் பெரிய பெயர். 2013இல் சில்வர்ஸ்டோனில் சனத்துக்கு முன்னால் வித்தை காட்டிக்கொண்டிருந்தபோது விழுந்து முள்ளந்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே இயங்காமல் போய்விட்டது. சாமான் ஒன்றும் உடையவில்லை என்றுதான் நான் விளங்கிக்கொண்டது. எவ்வளவோ வருஷம் ஓடின மனிசன், வெறும் விழுகைதான். பிறகு அவருக்கென்று மாற்றி அமைத்த சைக்கிளில் மலையில் இறங்கினார், அதையும் ஆதிக்குக் காட்டினேன். அக்காவுக்கு இந்தக் கதை தெரியாது. நீ தொலைபேசியில் உளறிவிடாதே. எல்லாச் சாமானும் சரியாய் இருந்தும் விழலாம் என்றால், சாமானாலும் விழ வைப்பானேன்? எனக்கு அவ்வளவுதான் கேள்வி. விடச் சொல்லி அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லுக்கு மேலே அவன் அசையாமல் நிற்கிறபோது முகத்தைப் பார்த்தால் நீயும் சொல்லமாட்டாய்.

சரி, கொண்டு வர வேண்டியது: 108 பிடி உள்ள 18 பல்லு பிரீவீல் ஒன்று, அதைக் கழற்றுகிற சாவியோடு. சாவி இல்லாமல் கொண்டு வந்து என் உயிரை எடுக்காதே. நல்ல பாரமான செயின் இரண்டு. மகுரா கம்பனி ரிம் பிறேக்குக்குக் கட்டை இரண்டு சோடி, உரசின ரிம்முக்கு என்று கேட்டு வாங்கு, வழவழப்பான ரிம்முக்கு உள்ளது சரிவராது. டைட்டேனியம் ஆணி கண்டால் ஸ்டெம்முக்கு மட்டும். டாம் வீதி முழுக்க ஏறி இறங்கிவிட்டேன், இதில் ஒன்றும் அங்கே இல்லை. பெட்டிகளைப் பிரித்துவிட்டு உடுப்புக்குள் சுற்றி வை. காசை வந்ததும் தருகிறேன். வேண்டாம் என்று வீரம் கதைக்காதே, உன் வீட்டுக்காரி எனக்குக் கணக்கு அனுப்புவா.

அவனிடம் மட்டும் கார்பன் ஃபோர்க் கடையில் முடிந்துவிட்டது என்று சொல்லு. நான் தடுத்தேன் என்று தெரிந்தால் டிசம்பர் வரைக்கும் அந்த வீட்டுப் பக்கம் போகேலாது.

சுதாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு.

சிவா

மறந்துவிட்டேன், அக்கா ஒரு தராசும் கேட்கிறாள். பட்டரின் மணம் போய்ச் செயின் எண்ணெய் மணம் பிடித்த பிறகு பழையதை ஆதிக்கே கொடுத்துவிட்டாள்.