ஹீலியம்: பிள்ளைகள் பாடமாக்குவது பாதி விடைதான்

ஆசிரியருக்கு,

எங்கள் பக்கம் உயர்தரப் பிள்ளைகளிடம் புழங்கும் வினாவிடைத் தொகுப்பொன்றில், ஆழ்கடல் சுழியோடிகள் ஏன் ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிக்கிறார்கள் என்ற கேள்விக்கு "அது சடத்துவ வாயு (எதனோடும் தாக்கம் புரியாத வாயு) என்பதால்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். இது போதாது.

ஹீலியம் ஏன் எதனோடும் சேராது என்பது இலகு. அதற்கு இருப்பது இரண்டே இலத்திரன், முதலாம் சக்திமட்டத்தில் இடமும் இரண்டுக்குத்தான், இரண்டும் கருவுக்கு மிக அருகில் இருப்பதால் ஒன்றைப் பிடுங்க எந்த மூலகத்தையும் விட அதிக சக்தி வேண்டும். கொடுக்காது, வாங்கவும் இடமில்லை. சரி, நைதரசனும்தானே நம் உடம்புக்குள் எதனோடும் தாக்கம் புரியாமல் போய் வருகிறது? அப்படியென்றால் சாதாரணக் காற்றோடு 30 மீற்றரைத் தாண்டுகிறவருக்கு ஏன் வெறியேறியது போலப் புத்தி தடுமாறுகிறது? செனனும் ஹீலியத்தைப் போல எதனோடும் எளிதில் சேராத விழுமிய வாயுதான், அதைச் சத்திரசிகிச்சையில் மயக்க மருந்தாகவே கொடுத்திருக்கிறார்கள்!

விஷயம் கொழுப்பில் கரைவதில் இருக்கிறது. நரம்புக் கலங்களின் மென்சவ்வுக் கொழுப்பில் நன்றாகக் கரையும் வாயு, அமுக்கம் கூடக்கூட மயக்கம் தரும். ஹீலியம் அதில் மிகக் குறைவாகவே கரையும், லேசான வாயு என்பதால் ஆழத்தில் மூச்சிழுக்கவும் சிரமம் குறைவு. 1942 ஏப்ரல் 9 இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, அங்கே அமுக்கம் மேற்பரப்பைப் போல ஆறு மடங்கு. அங்கு தெளிந்த தலையோடு இறங்கத்தான் ஹீலியம், ஒட்சிசன், நைதரசன் மூன்றும் கலந்த ட்ரைமிக்ஸ்.

இன்னொன்று, இது நம் மலையகத்துக்கே உரியது. உடம்பு பயன்படுத்தாத வாயு ஹீலியமோ நைதரசனோ, கரைந்தது அப்படியே திரும்ப வெளியே வந்தாக வேண்டும், அதற்கு முன் அமுக்கம் சட்டென்று குறைந்தால் இரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழி கட்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, காற்றமுக்கம் கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பாசிக்குடாவில் சுழியோடிவிட்டு அன்றே வான் பிடித்து இங்கே ஏறி வருவது, சுழியோடிய கையோடு விமானம் ஏறுவதற்குச் சமம். ஒரு நாளாவது பொறுக்க வேண்டும் என்பதை இங்குள்ள விடுதிக்காரர்களும் வான் சாரதிகளும் பயணிகளுக்குச் சொல்ல வேண்டும்.

தாக்கம் புரியாது, ஆகவே ஆபத்தில்லை என்று நினைத்துத்தான் பிள்ளைகள் பலூன் ஹீலியத்தை உறிஞ்சிக் குரல் மாற்றி விளையாடுகிறார்கள். அதில் ஒட்சிசன் இல்லை, மூச்சடைத்து உயிரே போகலாம். சிலிண்டரில் நேராக வாய் வைத்தால் நுரையீரல் கிழியும். தொகுப்பு எழுதுகிறவர்கள் அடுத்த பதிப்பிலாவது கொழுப்பில் கரைவதைப் பற்றி இரண்டு வரி சேர்க்கட்டும், உங்கள் மாணவர் பக்கத்திலும் இந்தப் பலூன் எச்சரிக்கையைப் போடுங்கள்.

இரசாயனவியல் ஆசிரியர்,
ஹட்டன்