பந்தயக் களத்துக்கு வரும் ரசிகரையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திங்கட்கிழமைதோறும் உங்கள் நாளிதழில் விளையாட்டுப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவன் நான். எங்கோ வெளிநாட்டில் நடக்கும் ஃபார்முலா 1 பந்தயத்துக்குப் படத்துடன் கால் பக்கம் ஒதுக்குகிறீர்கள். மகிழ்ச்சி. வேலூரிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் கார்ப் பந்தயத்துக்கு மூன்று வரிதான் கிடைக்கிறது, அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. முன்கூட்டியே ஒரு வரி வந்திருந்தால் நான் போயிருப்பேன். இதைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும், ஒற்றை இருக்கையும் மூடப்படாத சக்கரங்களும் கொண்ட ஃபார்முலா கார்களின் பந்தயத்தை நேரில் போய்ப் பார்க்கும் ஆசை என்னைப் போன்றவர்களிடம் ஏன் தேய்ந்துகொண்டே வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சத்துவாச்சாரியில் லேத் பட்டறை வைத்து என்ஜின் போரிங் வேலை செய்து பிழைக்கிறேன். பந்தய ஆசை அப்பாவிடமிருந்து வந்தது. ராணிப்பேட்டையில் லாரி மெக்கானிக்காக இருந்த அவர், பிப்ரவரி நெருங்கினால் சோழவரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. பாரிமுனையில் இறங்கி வேறு பஸ் பிடித்து, கடைசித் தூரத்தைப் புழுதியில் நடந்தே கடப்போம். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் நிற்போம். அப்பாவோ, உடன் வந்தவர்களோ வெயிலைப் பற்றி முணுமுணுத்ததாக எனக்கு நினைவில்லை. பார்க்க வந்ததைக் கண்ணாரப் பார்த்தோம். அதைப் பார்க்க வேறு வழியும் அன்றைக்கு இல்லை.

1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் நிரந்தரப் பந்தயத் தளம் வந்ததும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வசதியாகிவிட்டது. வேலூரிலிருந்து சென்னை போகும் அதே நெடுஞ்சாலை. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் போதும். அந்தக் காலத்தில் ஃபார்முலா மாருதி என்று ஒரு கார் ஓடியது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் உருவாக்கியது. மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் என்ஜினை ஒற்றை இருக்கைக் காரில் பூட்டி, இந்தியப் பையன்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒரு பந்தயக் காரைக் கொடுத்த மனிதர் அவர். பின்னாளில் ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்திலேயே பரிசு மேடை ஏறியது அந்தக் காரில்தான், இந்தத் தளத்தில்தான். என் பட்டறை மேஜையில் வாரம் ஒன்றாவது பிரிந்து கிடக்கும் என்ஜின், அங்கே வேறு குரலில் கத்திக்கொண்டு போவதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இப்போதும் முழுதாகச் சொல்லிவிட முடியாது.

இடைவேளையில் கார்கள் நிற்கும் கொட்டகைப் பக்கம் போக விட்டார்கள். கோவையிலிருந்து வந்த ஒரு மெக்கானிக், என் கை நகத்தில் இருந்த கிரீஸ் கறையைப் பார்த்துவிட்டு, “நீங்களும் இந்த வேலைதானா?” என்று கேட்டார். சூடு ஆறாத ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துணியில் பிடித்துக் காட்டினார். முனையில் பீங்கான் வெளுத்திருந்தது. பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறது என்று பொருள். நல்ல கலவையாக இருந்தால் இளம் பழுப்பாக இருக்கும், பெட்ரோல் அதிகமானால் கரி பிடிக்கும். இது எனக்குத் தெரிந்த பாடம்தான். ஆனால் அடுத்த பந்தயத்துக்குள் அவர் கார்புரேட்டரைத் திருத்தியதும், அதே கார் நேர்பாதையின் முடிவில் திணறாமல் போனதைக் காதால் கேட்டதும் எந்தத் திரையிலும் கிடைக்காத படிப்பு.

இனி இன்றைய நிலைக்கு வருகிறேன். என் அக்கா மகள் காட்பாடியில் பொறியியல் படிக்கிறாள். எந்த ஓட்டுநர் எந்த டயரில் ஓடுகிறார், முன்னால் போகிறவருக்கும் அவருக்கும் எத்தனை விநாடி இடைவெளி, குழுவினர் ரேடியோவில் அவரிடம் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். நேரில் பார்க்கலாம் வா என்று கூப்பிட்டேன். “அங்கே வந்தால் ஒரு வளைவு மட்டும்தான் தெரியும் மாமா. கார் போனால் திரும்பி வர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். யார் முதலில் போகிறார் என்றுகூடப் புரியாது. போனில் எல்லாமே தெரிகிறதே” என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல் கூடத் தவறில்லை.

வி.ஐ.டி. மாணவர்கள் ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிக்காக ஒற்றை இருக்கைக் காரைத் தாங்களே வடிவமைத்துச் செய்கிறார்கள் என்பது நம் ஊருக்கே பெருமை. அந்த மாதிரிக் கார் ஒன்றுக்குப் புஷ் (உள்ளே பொருத்தும் உலோக வளையம்) கடைந்து தரச் சொல்லி என் பட்டறைக்குச் சில மாணவர்கள் வந்தார்கள். அளவெல்லாம் நூலிழை பிசகாமல் வரைந்து எடுத்து வந்திருந்தார்கள். நேரில் பந்தயம் பார்த்ததுண்டா என்று கேட்டேன். ஒருவரும் பார்த்ததில்லை. காரையே செய்கிற பிள்ளைகள், அந்தக் கார் ஓட வேண்டிய களத்தை வேலி ஓரம் நின்று பார்த்ததில்லை என்பது என்னை இன்னும் உறுத்துகிறது.

திருவண்ணாமலை தீபத்தையும் டிவியில் காட்டத்தான் செய்கிறார்கள். அதற்காக மலைக்குப் போகிறவர்கள் குறைந்துவிடவில்லை. கார்ப் பந்தயத்திலும் நேரில் மட்டுமே கிடைப்பது ஒன்று உண்டு. நேர்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் நில்லுங்கள். ஒருவர், வளைவுக்கு நூறு மீட்டர் இருப்பதைக் காட்டும் பலகை வருவதற்கு முன்பே பிரேக்கை மிதிக்கிறார். அடுத்தவர் பலகையைத் தாண்டிய பிறகு மிதிக்கிறார். சக்கரம் மூடப்படாத கார் என்பதால் முன்சக்கரம் எவ்வளவு திரும்புகிறது, சஸ்பென்ஷன் கம்பிகள் எப்படி அதிர்கின்றன, எந்தச் சக்கரம் சுழலாமல் இழுபட்டுப் புகைகிறது என்பதெல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரியும். வளைவின் நடுவில் யார் துணிந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார், யார் தயங்கித் தயங்கி மிதிக்கிறார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். டிவி கேமரா காரைப் பின்தொடர்ந்து திரும்புவதால் வேகம் பாதியாகக் கரைந்துவிடுகிறது. பத்தாவது இடத்தில் ஓடும் பையனின் துணிச்சலைத் திரை காட்டுவதே இல்லை.

பிறகு ஏன் ஆள் வருவதில்லை? வருகிறவரை மதிக்காததுதான் காரணம் என்பேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பந்தயத்துக்கு அக்காவையும் அவள் மகளையும் அழைத்துச் சென்றேன். எந்த ஊர், நடத்தியவர் யார் என்று எழுத விரும்பவில்லை. கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். உள்ளே அதே தண்ணீர் மூன்று மடங்கு விலை. நாங்கள் உட்கார்ந்திருந்த பார்வையாளர் மாடத்துக்கு முன்னால் விளம்பரப் பலகை. காரின் மேல்பாதிதான் தெரிந்தது. பந்தயம் தள்ளிப்போனதை யாரும் எங்களுக்கு அறிவிக்கவில்லை. ஒலிபெருக்கி பேசிய ஆங்கிலம் அக்காவுக்குப் புரியவில்லை, கரகரப்பில் எனக்கும் பிடிபடவில்லை. பெண்களுக்கான கழிப்பறை எங்கே என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார். பாதியிலேயே கிளம்பிவிட்டோம். அக்கா மகள் நேரில் வர மறுப்பதற்கு அந்த நாளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை அல்ல. நரேன் ஃபார்முலா 1-இல் புள்ளி எடுத்த பந்தயத்தையே பாருங்கள். 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். மிஷெலின் டயர் அந்தத் தளத்தின் வளைவுக்குத் தாங்காது என்று தெரிந்ததால் அந்த டயரில் ஓட வந்த 14 கார்கள், பந்தயம் தொடங்கும் முன் ஓடும் சுற்றோடு உள்ளே போய்விட்டன. ஆறே கார்கள் ஓடின. நரேன் நான்காவதாக வந்தார். நமக்கு அது பெருமை, அதில் மாற்றமில்லை. ஆனால் காசு கொடுத்து வந்து உட்கார்ந்திருந்த அமெரிக்க ரசிகர்கள் கூச்சலிட்டுப் பாட்டில்களைத் தளத்தில் வீசினார்கள். பிறகு மிஷெலின் நிறுவனம் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்தது. அந்த அளவு பொறுப்பைக் கூட எல்லோரும் ஏற்பதில்லை. 2021-இல் பெல்ஜியத்தின் ஸ்பா தளத்தில் நாள் முழுவதும் மழையில் நனைந்தபடி காத்திருந்தவர்களுக்குப் வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் ஓடும் பாதுகாப்புக் காரின் பின்னால் சில சுற்று ஊர்வலம் காட்டி, பந்தயம் முடிந்தது என்று அறிவித்தார்கள். 2023-இல் லாஸ் வேகாஸில் முதல் பயிற்சி பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. சாலையில் பதித்த மூடி பெயர்ந்து ஒரு காரின் அடிப்பகுதியைக் கிழித்துவிட்டது. இரண்டாவது பயிற்சி நள்ளிரவு தாண்டி இரண்டரை மணிக்குத் தொடங்கியபோது ரசிகர்களை ஏற்கெனவே வெளியேற்றிவிட்டிருந்தார்கள்.

ஓசையின் கதை தனி. 2013 வரை 2.4 லிட்டர், எட்டு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுழன்றது. 2014-இல் 1.6 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ, கூடவே மின்மோட்டார் என்று மாறியது. வெளியேறும் புகையின் விசையை டர்போ எடுத்துக்கொள்கிறது. முன்பு காதைப் பிளந்தது அந்த விசைதான். மெல்போர்னில் பந்தயம் நடத்தியவர்களே அந்த ஆண்டு இதைப் பற்றிக் குறைப்பட்டார்கள். புகைக்குழாயின் முனையில் எக்காளம் போல விரிந்த குழாயைப் பொருத்திக்கூடச் சோதித்துப் பார்த்தார்கள், பலனில்லை. எரிபொருள் மிச்சம் என்பதை ஒரு மெக்கானிக்காக நான் வரவேற்கிறேன். ஆனால் ஓசைக்காகவே டிக்கெட் வாங்கியவருக்கு அந்த இடத்தில் வேறு எதையாவது ஈடாகக் கொடுத்திருக்க வேண்டும்.

என்ன கொடுக்கலாம் என்பதை ஓர் ஓட்டுநரே காட்டியிருக்கிறார். நொய்டா அருகே புத்த சர்வதேசத் தளத்தில் 2011 முதல் 2013 வரை ஃபார்முலா 1 நடந்தது. மூன்று ஆண்டும் ஜெர்மானிய ஓட்டுநர் செபாஸ்டியன் வெட்டல்தான் வென்றார். போக ஆசைப்பட்டும் டிக்கெட்டுக்கும் ரயிலுக்கும் சேர்த்துப் பணம் போதவில்லை, வீட்டில்தான் பார்த்தேன். 2013 அக்டோபர் 27 அன்று நான்காவது உலகப் பட்டத்தை உறுதி செய்ததும் வெட்டல் விதிப்படி காரை உள்ளே கொண்டுபோகவில்லை. மாடத்துக்கு நேர் எதிரே காரை வட்டமடித்துப் புகை கிளப்பினார், இறங்கித் தரையில் மண்டியிட்டு காரை வணங்கினார், கையுறைகளை ரசிகர்களிடம் வீசினார். அதற்காக அவரைக் கண்டித்து, அவருடைய ரெட் புல் அணிக்கு 25,000 யூரோ அபராதம் விதித்தார்கள்! அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஆயுளுக்கும் சொல்லிக்கொள்ளப் போவது அந்தச் சில நிமிடங்களைத்தான். ரசிகனை நெருங்கி வந்த செயலுக்கு ஒரு விளையாட்டு தண்டம் போடுகிறது என்றால், அதை நடத்துகிறவர்களின் கண்ணில் மாடம் படவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

சென்னையில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையில் இரவுப் பந்தயம் நடந்தது. மிக்ஜாம் புயலால் முந்தைய டிசம்பரிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட பந்தயம் அது. முதல் நாள், உலகக் கார்ப் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் சான்று கிடைக்கத் தாமதமாகி அட்டவணை குலைந்ததை உங்கள் வாசகர்கள் அறிவார்கள். இருந்தும் வாழ்க்கையில் முதன்முறையாக ஃபார்முலா காரைப் பார்த்த சிறுவர்கள் பலர் இருந்தார்கள் என்பதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வந்து போகும் விழா. இருங்காட்டுக்கோட்டை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. அங்கே ஓடும், ஃபார்முலா 1-க்குக் கீழ்ப்படியில் உள்ள ஃபார்முலா 4 காரைப் பார்த்து வளர்கிற ரசிகர்தான் நிலைத்து நிற்பார்.

ஆகவே எங்கே பந்தயம் நடத்துகிறவர்களாக இருந்தாலும் உங்கள் வழியாக இதைக் கேட்கட்டும். ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லுங்கள். யார் எந்த இடத்தில் ஓடுகிறார் என்பதை மாடத்திலிருந்து படிக்கும்படி பெரிய பலகையில் காட்டுங்கள். போனில் தெரிவது களத்திலும் தெரிய வேண்டும். குடிநீரை இலவசமாக வையுங்கள். நம் பக்கத்து வெயிலுக்குக் கொஞ்சம் கூரை வேண்டும். பந்தயம் தள்ளிப்போனால் உடனே சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இடைவேளையில் அரை மணி நேரம் காருக்குப் பக்கத்தில் போக விடுங்கள். பாலிடெக்னிக் மாணவர்களும் என்னைப் போன்ற பட்டறைக்காரர்களும் அந்த அரை மணிக்காகவே டிக்கெட் வாங்குவோம்.

உங்களிடம் என் வேண்டுகோள் சின்னது. அடுத்த பந்தயம் அறிவிக்கப்பட்டதும், அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை வேலூர்ப் பதிப்பில் தேதி, நேரம், டிக்கெட் விலை, எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதைப் போடுங்கள். புஷ் வாங்கிப்போன மாணவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அக்கா மகளும் இன்னொரு முறை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள், தண்ணீர்ப் பாட்டிலை வாசலில் பிடுங்க மாட்டார்கள் என்றால்.

இப்படிக்கு,
லேத் பட்டறை நடத்தும் தங்கள் வாசகன்,
சத்துவாச்சாரி, வேலூர்.