ரசீது மேசைக்கு வந்த ஐயாவுக்கு நன்றி

அக்டோபர் 2 முதல் 8 வரையிலான 'தான் உத்சவ்' என்ற கொடைத் திருவிழா வாரத்தில் எங்கள் எம்பிஏ கல்லூரியில் வருடா வருடம் விழா உண்டு. முன்னாள் மாணவர்கள், தொண்டு நிறுவனத்தார் எல்லோரும் ஒரே கூடத்தில். (அரட்டைதான் அதிகம், அது வேறு கதை.)

இந்த முறை நன்கொடை மேசையில் நான் தனியாகத் திணறிக்கொண்டிருந்தபோது கதர்ச் சட்டை போட்ட ஒரு பெரியவர், "கொஞ்சம் தள்ளி உட்காரு தம்பி" என்று வந்து அமர்ந்தார். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச்சலுகை கிடையாது என்பதே எனக்குத் தெரியாது. ஐயாயிரத்தை நோட்டாக நீட்டியவர்களிடம் அவர்தான் பொறுமையாகச் சொல்லி, காசோலையாகவோ யுபிஐயிலோ கொடுக்க வைத்தார். பான் எண்ணையும் விடாமல் கேட்டு எழுதினார். மூன்று மணி நேரம்! ஒரு டீகூடக் குடிக்கவில்லை. நான் பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டார்.

ரொம்ப நன்றி ஐயா. உங்கள் பேனா என்னிடம்தான் இருக்கிறது.