பீரங்கி வேண்டாம், மச்சான்

யாழ்ப்பாணம்,
மாசி, ஞாயிறு பின்னேரம்.

அன்பு நெட்டையா,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. நீ என்னென்ன பேச்சு பேசுவாய் என்று தெரியும். அவ்வளவையும் கேட்டாயிற்று என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். எல்லாரும் சுகம். மனிசிக்கு முழங்கால் நோ அப்படியே இருக்கிறது. சின்னவள் ஏ.எல். எழுதி முடித்துவிட்டு, வீட்டில் இருந்து எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறாள். கட்டையன் போன கிழமை வந்தான். திரும்பவும் அந்த றால் வடைக் கதையை எடுத்தான், திரும்பவும் பேச்சு வாங்கிக்கொண்டு போனான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒளித்துத் திரிந்ததற்குக் காரணமே நீதான். "புது மிரர்லெஸ் கமரா வாங்கிவிட்டேன், என் பழைய 600 மில்லிமீற்றர் எஃப் 4 லென்ஸ் அலுமாரியில் தூங்குகிறது, நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவந்து உனக்கே தந்துவிட்டுப் போகிறேன்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நீ நிம்மதியாகப் படுத்திருப்பாய். நான் அன்றைக்கு இரவு முழுக்கப் படுக்கவில்லை. பறவை பார்க்கிறவன் எவனுக்கும் அது கனவு லென்ஸ் அல்லவா! "ஓம்" என்று மூன்று தரம் கடிதம் தொடங்கினேன். மூன்றையும் கிழித்தேன்.

எனக்கு அந்தப் பீரங்கி லென்ஸ் வேண்டாம், மச்சான். கோபிக்காமல் கேள்.

வெளிச்சம் குடிக்கிற லென்ஸில் எனக்கு ஆசை இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்தப் பைத்தியம் நம் இருவருக்கும் ஒரே நாளில் பிடித்தது. 1990-இல் சண்டையோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனபிறகு, பற்றரி கூடத் தடைப் பொருளாக இருந்த காலத்தில், நம்மிடம் இருந்தது அந்த செனிட்-ஈ மட்டும்தான். பற்றரியே கேட்காத கமரா. முன்னால் ஹீலியோஸ் 58 லென்ஸ், எஃப் 2 (அந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூட உள்ளே போகும்). உன் அப்பம்மாவை ஜாம் போத்தல் விளக்கடியில் இருத்தி, எஃப் 2-இல் முழுக்கத் திறந்து, அந்தக் கமராவில் இருந்த ஆகக் குறைந்த வேகமான 1/30 செக்கனில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நீ எடுத்த படம் நினைவிருக்கிறதா? ஸ்டூடியோ அண்ணை மண்பானைத் தண்ணீரில் டெவலப்பரைக் குளிரவைத்துக் கழுவித் தந்தார். மூக்குத்தியும் ஒரு கண்ணும் மட்டும் கூராக விழுந்திருந்தன. எஃப் 5.6 லென்ஸாக இருந்திருந்தால் அந்த வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான் பிலிமுக்குப் போயிருக்கும். அப்பம்மாவும் இருட்டோடு இருட்டாகியிருப்பா. இருட்டில் வளர்ந்தவர்களுக்கு எஃப் எண் ஒரு வயிற்றுப் பசி மாதிரி.

ஆனால் இப்போது நான் நிற்கிற இடம் விளக்கடி இல்லை, பரவைக்கடல். தலைக்கு மேலே வானம், காலடியில் தண்ணீர், இரண்டும் வெளிச்சத்தை வாரி இறைக்கின்றன. என் தட்டுப்பாடு வேறு.

தை மாதம் நம் தம்பியிடம் (உன் கலியாண வீட்டில் பந்தலில் ஏறி விழுந்தானே, அவனேதான்) நிக்கோன் 200-500 சூம் லென்ஸை இரண்டு கிழமைக்கு இரவல் வாங்கினேன். எஃப் 5.6, 2.3 கிலோ. என் டி500 கமராவில் மாட்டி, விடிய ஐந்து மணிக்கே மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டு, மண்டைதீவுப் பாதையில் போய்க் குந்திக்கொள்வேன். பூநாரைகள் வந்திருந்தன. முதல் மூன்று நாளும் நீ சிரிக்கிற மாதிரித்தான் எடுத்தேன்: வளையத்தை 500-க்குத் திருகிவிட்டு அப்படியே விட்டுவிடுவது. இரண்டு கிழமை முடிய சின்னவள் கம்பியூட்டரில் இருந்து கணக்கெடுத்தாள். 1,140 படம். அதில் 860-க்கு மேல் 500-இலேயே எடுத்தவை. "அப்பா, உங்களுக்கு எதுக்கு சூம்?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கணக்கை அப்போதே உனக்கு அனுப்பியிருந்தால், அடுத்த விமானத்தில் பீரங்கி வந்து இறங்கியிருக்கும்.

பிறகு ஒன்பதாம் நாள் படத்தைப் பார்த்தேன். ஒற்றைப் பூநாரை சேற்றில் தலையைக் கவிழ்த்து வடிகட்டிக்கொண்டிருந்தது. அதில் 500-ஐ வைத்துக் காத்திருந்தேன். எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. முழுக் கூட்டமும் ஒன்றாகக் கிளம்பிவிட்டது. 500-இலேயே நின்றிருந்தால் எனக்குக் கிடைத்திருப்பது நாலு கழுத்தும் அரைச் செட்டையும்தான். மனம் நினைக்க முதலே கை வளையத்தைத் திருகிவிட்டது. (திருகுவதற்கு லேசான வளையம் இல்லை, ஒரு பிடியில் முடியாது, மணிக்கட்டு நோகும்.) 220-இல் நின்றது. செட்டைகளின் சிவப்பும் கறுப்பும் ஒரே வரிசையில், கீழே மீன் பிடிக்க நட்ட களங்கண்ணித் தடிகள், இடுப்பளவு தண்ணீரில் ஒரு மனுசன் அண்ணாந்து பார்க்கிறான். இரண்டு கிழமையில் சுவரில் மாட்டக்கூடியது அந்த ஒன்றுதான். உன் 600, என் கமராவின் சிறிய சென்சாரில் 900 மாதிரி நிற்கும். அதோடு அந்த இடத்தில் நின்றிருந்தால் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருப்பேன், வேறொன்றுமில்லை.

பின்னால் நடந்துபோய்ச் சட்டத்துக்குள் அடக்கலாமே என்று நீ கேட்பாய். பின்னால் கடல், மச்சான். முன்னால் முழங்கால் மட்டும் சேறு. காட்டில் ஜீப்பைப் பின்னுக்கு எடுக்கலாம், இங்கே பாதை எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் நம் ராச்சியம். முக்காலியை விரித்தால் சேறு ஒரு காலை விழுங்கிவிடும். வாடைக் காற்றுக்கு உன் லென்ஸின் முன்குழாய் பாய்மரம் மாதிரி நிற்கும். 3,810 கிராம் என்று அதன் பெட்டியில் போட்டிருப்பதை நீயே ஒருக்கா எடுப்புக்குச் சொன்னாய். 600-ஐ 4-ஆல் வகுத்துப் பார்: 150. முன்னால் 150 மில்லிமீற்றர் அகலத்துக்குக் கண்ணாடி இருந்தால் பாரம் எங்கே போகும்? என் கழுத்து எலும்பு ஏற்கனவே தேய்ந்துபோய்க் கிடக்கிறது.

நியாயமாக உன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பின்னேரம் சரசாலைப் பக்கம் போனேன். மஞ்சள்மூக்கு நாரை, பின்னால் பனை வடலிகள். ஆறு மணி தாண்டியதும் எஃப் 5.6 களைத்துவிட்டது. கமராவின் வெளிச்ச உணர்வை, அதுதான் ஐ.எஸ்.ஓ.வை, 6400-க்கு ஏற்றினேன், நாரையின் நெஞ்சு மணல் மாதிரி ஆகிவிட்டது. எஃப் 4 என்றால் 3200 போதும். அதைவிட, வடலி ஓலைகள் எல்லாம் பின்னால் முள்ளு முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றன. உன் லென்ஸ் அவற்றைப் பச்சை நீராகக் கரைத்திருக்கும். அந்த ஒரு பின்னேரம் உன்னை மனதாரப் பொறாமைப்பட்டேன். வில்பத்துக் காட்டு நிழலில் சிறுத்தைக்குக் காத்திருக்கிறவனாக இருந்தால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். ஆனால் இங்கே ஒன்பது மணிக்குப் பிறகு தண்ணீருக்கு மேல் கானல் எழும்பிவிடும். அதற்குப் பிறகு எந்த எஃப் எண்ணும் செல்லாது. எவ்வளவு தூரம் இழுத்தாலும் பறவை சூப்புக்குள் மிதக்கிற மாதிரித்தான் தெரியும்.

இன்னொன்று. இதைத்தான் எழுதுவதா விடுவதா என்று இழுபட்டேன்.

பதினோராம் நாள், கரையோரம் ஒரு ஆச்சி மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தா. நான் தம்பி கட்டித் தந்த பச்சைப் புள்ளித் துணியை லென்ஸில் சுற்றி, முழங்காலில் ஊன்றி, ஆலாப் பறவைக் கூட்டத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஆச்சி திரும்பினா. ஒன்றும் பேசவில்லை. மெதுவாகப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சேற்றில் குந்திவிட்டா. "கமரா ஆச்சி, குருவி எடுக்கிறன்" என்று கத்தினேன். "முதலிலை அதைக் கீழை பதி, ராசா" என்றா. பதித்தேன். பிறகுதான் எழும்பினா. யார், எந்த ஊர் என்று நானும் கேட்கவில்லை. அந்தத் துணியை அன்றைக்கே கழற்றி எறிந்துவிட்டேன். தொண்ணூறுகளில் நீயும் நானும் எத்தனை தரம் அப்படிக் குந்தியிருக்கிறோம்! அதைவிட ஒன்றரை மடங்கு பருத்த குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்படை முகாம் இருக்கிற கரைகளில் திரிய எனக்கு மனம் வரவில்லை, மச்சான். அனுமதி எல்லாம் எடுக்கலாம். ஆச்சியிடம் எந்தக் கடதாசியைக் காட்டுவது?

சரி, அதை விடு. செண்பகப் பறவையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். காலையில் வேலியோரம் அது வரும். விறாந்தைக் கதிரையில் இருந்து பத்தடி தூரம். 200-500 இரண்டேகால் மீற்றருக்கே குவியும். உன்னுடையது நாலரை மீற்றருக்கு இந்தப் பக்கம் வந்தால் கண் தெரியாத கிழவன். செண்பகத்தை எடுக்க நான் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீட்டோடு இப்போது கதை பேச்சு இல்லை, வேலி வழக்கு.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். பீரங்கியை அங்கேயே வில். அங்கே பாவித்த 200-500 ஒன்று தேடிப் பிடி. புதுசு வேண்டாம். 2022-இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360-க்கு ஏறினபிறகு இங்கே புதுப் பெட்டியின் விலையைக் கேட்கவே பயம். வாங்க முதல் பின்பக்கத்தால் டோர்ச் அடித்துப் பார், பூஞ்சணம் நூல் மாதிரி ஓடியிருக்கும். வளையத்தை இரண்டு பக்கமும் முழுக்கத் திருகிப் பார், எங்கேயாவது இறுகினால் விட்டுவிடு. 95 மில்லிமீற்றர் மூடி இருக்கிறதா என்றும் பார், இங்கே அந்த அளவில் கிடைக்காது. சிலிக்கா ஜெல் கொஞ்சம் கூடவே கொண்டுவா. நான் இன்னும் அரிசிப் பெட்டிக்குள்தான் லென்ஸ் வைத்திருக்கிறேன், மனிசி அளந்துபோட்டுச் சமைத்துவிடுவாள்.

காசு மாதம் மாதம் தருவேன். "நமக்குள்ளே என்ன காசு" என்று தொடங்கினாயோ, 1993-இல் நீ என்னிடம் வாங்கிய பிலிம் றோலின் கணக்கை வட்டியோடு எடுப்பேன்.

டிக்கெட் போட்டதும் திகதி எழுது. கொடியேற்றத்துக்கு முதல் நாளே வந்துவிடு. தேருக்கு வருகிறேன் என்று போனமுறை மாதிரி ஏமாற்றாதே.

உன்,
சோடாப்புட்டி