சபை கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்: அந்த பெடல் ஆர்கன ஆக்கருக்கு போடாதீங்க

மதிப்புக்குரிய கமிட்டி அய்யாமாருக்கும் செகரட்டரி அண்ணனுக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயித்துக்கிழமை அறிவிப்பு கேட்டதுல இருந்து எனக்கு ஒறக்கமே இல்ல. பின்னறையில கெடக்குற ஒடஞ்ச சாமான ஆக்கர் கடைக்கு, அதான் பழைய சாமான் எடுக்குற கடைக்கு, குடுக்க தீர்மானம்னு வாசிச்சீங்க. அதுல ஆர்கனும் உண்டுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த பேர மட்டும் வாசிக்கல.

அது தானா ஒடயல அய்யா. மூணு வருஷம் முன்ன ரிப்பேருக்குன்னு ஒரு ஆசாரிய கூட்டிட்டு வந்தீங்க, கட்டிலு கதவெல்லாம் நல்லா செய்வாரு, ஆர்கன அதுக்கு முன்ன தொட்டதே இல்ல. நான் அன்னைக்கே சொன்னேன், இது கை ஆர்மோனியம் மாதிரி இல்ல, அமெரிக்க ஆர்கன், மிதிச்சா காத்த உள்ள இழுக்கும், அந்த இழுப்புலதான் ரீடுங்குற மெல்லிய பித்தளை நாக்கு அதிரும், துருத்தி துணியில ஓட்டை விழுந்தா சத்தம் செத்துரும்னு. யாரும் காதுல வாங்கல. ரப்பர் துணிய கிழிச்சு போட்டுட்டு சோபாவுக்கு போடுற ரெக்ஸின வெள்ளைப் பசை வச்சு ஒட்டியாச்சு. முந்தி இருந்தது வஜ்ரம், தோல காய்ச்சி எடுக்குற பசை, சூடுதண்ணி தொட்டு மெதுவா கத்திய விட்டா பலகைக்கு சேதமில்லாம வந்துரும். இப்ப ரெக்ஸின உரிச்சா பலகையும் சேந்து பேந்து வருது. அதுக்கு மேல உள்பக்கம் பூரா பெயின்ட், சீரியல் நம்பர் இருந்த எடமும் மறஞ்சு போச்சு, எந்த வருஷம் செஞ்சதுன்னு தேடி எடுக்க அந்த நம்பர்தான் வழி.

எங்க அம்மா முப்பது வருஷம் வாசிச்ச ஆர்கன் அது. ரிப்பேர் முடிஞ்ச அன்னைக்கு ஆசையா போயி உக்காந்து ரெண்டு காலும் மாத்தி மாத்தி மிதிச்சாவ, கீர்த்தனைல மொத வரி கூட வரல, வெறும் காத்து இரைச்சல். ஒண்ணும் பேசாம எழும்பி வந்தாவ. இந்த பெரிய வெள்ளிக்கு மூணு மணி நேர ஆராதனை நடுவுல கரண்டு போயி கீபோர்டு நின்னப்ப, அம்மா பின்னறை கதவத்தான் பாத்துட்டு இருந்தாவ.

நம்ம ஊரு திருவிதாங்கூர்ல இருந்த காலத்துலயே வந்த ஆர்கன் அது, 1956ல தமிழ்நாட்டோட சேந்தப்பயும் நம்ம கோயில்ல பாடிட்டு இருந்தது. அயனி பெஞ்சு போயி பிளாஸ்டிக் சேர் வந்தாச்சு, கோயில் மணிக்கு பதிலா ஸ்பீக்கர்ல ரெக்கார்டு ஓடுது, முகப்புல டைல்ஸ் மாத்த மட்டும் ஒவ்வொரு வருஷமும் பணம் எங்க இருந்தோ வந்துருது, முன்னோர் விட்டுட்டு போனத காக்கணும்னா மட்டும் நிதி இல்ல. கோவத்துல எழுதிட்டேன், மன்னிக்கணும்.

கேக்குறது ஒண்ணுதான், ஆர்கன ஆக்கருக்கு குடுக்காதீங்க. ரீடு ஆர்கன் வேலை தெரிஞ்ச ஆளுகிட்ட காட்டுங்க. நான் ரெண்டு ரீட கொக்கி போட்டு இழுத்து பாத்தேன், தூசிதான், பித்தளைக்கு ஒண்ணும் ஆகல. துருத்திக்கு புது துணி போடணும், பேந்த பலகைய மாத்தணும், அந்த செலவுக்கு நாங்க வீடு வீடா பிரிச்சு தாறோம்.

எடவப்பாதி மழைக்கு முன்ன அத பின்னறையில இருந்து மாத்தவாவது அனுமதி தாங்க, அங்க ஓடு ஒழுகுது. அடியில ரெண்டு கட்டை வச்சு, பாலிதீன் போடாம பருத்தி துணி மூடுனா போதும். சாவி செகரட்டரி அண்ணன்கிட்டதான் இருக்கு, எப்ப வரலாம்னு சொல்லுங்க, நானும் கொயர் பிள்ளையளும் தூக்க வாறோம்.