வுல்ஃப் ஒரே ஆண்டில் வந்தவர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கால்கரி ஃப்ளேம்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர் டஸ்டின் வுல்ஃப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையை என் மகன்தான் எனக்குப் படித்துக் காட்டினான். பதின்மூன்று வயது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு முணுமுணுத்துக்கொண்டே போகிறவன் தமிழில் ஒரு கட்டுரையை முழுசாகப் படித்தது இதுதான் முதல் தடவை. எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. நடுவில் 'கனடிய வீரர் வுல்ஃப்' என்று வந்ததும் நிறுத்திவிட்டான். "அம்மா, இது தப்பு" என்றான்.

தப்புதான். வுல்ஃப் அமெரிக்கர். 2001 ஏப்ரல் 16 அன்று கலிஃபோர்னியாவில் கில்ராய் என்ற ஊரில் பிறந்து, அதே மாநிலத்தின் டஸ்டினில் வளர்ந்தவர். ஊரும் டஸ்டின், ஆளும் டஸ்டின். ஆங்கிலத்தில் முதல் எழுத்தாவது மாறும். தமிழில் அந்த வித்தியாசமும் போய்விடுகிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. ஏழு ஆண்டுகளுக்கு 5.25 கோடி அமெரிக்க டாலர் என்று 2025 செப்டம்பரில் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைச் சொல்லி, 'ஒரே ஆண்டில் உச்சம்' என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

என் மகனும் கோலிதான். ஹாக்கி கோல்கீப்பரை இங்கே பிள்ளைகள் கோலி என்றுதான் சொல்வார்கள். ஊரில் இருக்கும் என் அம்மாவிடம் "பேரன் கோலி ஆகிவிட்டான்" என்று சொன்னபோது, அவர் விராட் கோலியை நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டார். சரி, அது வேறு கதை. ஐந்து வருடமாகக் காலை ஐந்தரை மணிக்கு அவன் கால் பேடுகளின் வாரை இறுக்கிக் கட்டுகிறேன். அந்தப் பையின் வாடை என் காரை விட்டுப் போனதே இல்லை. போன செப்டம்பரில் ஒரு அணித் தேர்வில், "நன்றாகத்தான் தடுக்கிறான், ஆனால் உயரம் காணாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

வுல்ஃப் கேட்டு வளர்ந்ததும் இதே வார்த்தைதான். அவர் உயரம் 6 அடி. நம் வீட்டில் 6 அடி என்றால் நிலைப்படியில் தலை இடிக்கும். ஃப்ளேம்ஸ் ஆடும் என்ஹெச்எல் என்ற வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீகில், கோலிகளுக்கு அது குள்ளம். கால்கரியில் அவருக்கு முன்னால் நின்ற யாக்கோப் மார்க்ஸ்ட்ரோம் 6 அடி 6 அங்குலம். இன்னொருவரான டான் விளாதர் 6 அடி 5 அங்குலம்.

வலையின் அகலம் 6 அடி, உயரம் 4 அடி. இந்தக் காலத்துக் கோலிகள் முழங்காலில் விழுந்து, இரண்டு பேடுகளையும் பக்கவாட்டில் விரித்துக் கீழ்ப்பகுதியை அடைத்துவிடுவார்கள். அப்போது திறந்து கிடப்பது மேல் மூலைகள். உயரமானவர் மண்டியிட்டாலும் அவர் தோள் அந்த மூலைகளை ஓரளவு மறைத்துவிடும். குட்டையானவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பந்து என்றே வைத்துக்கொள்வோம், அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை யார் மட்டையிலிருந்து யாருக்குப் போகப்போகிறது என்பதை ஒரு கணம் முன்னதாகவே கண்டுகொண்டு, வலையை விட்டுச் சற்று முன்னே வந்து, கோணத்தைக் குறுக்கி, அப்புறம்தான் விழ வேண்டும். அவசரப்பட்டு முதலில் விழுந்தால் தோளுக்கு மேலே கோல். வெறும் வேகம் மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். வுல்ஃபின் சொத்து அதுதான்.

அவர் எவரெட் சில்வர்டிப்ஸ் அணிக்கு மேற்கு ஜூனியர் லீகில் ஆடியபோது, ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு கோலுக்கும் குறைவாகத்தான் விட்டார். அப்படி ஆடியும், என்ஹெச்எல் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2019-இல் வான்கூவரில் மொத்தம் 217 பேரை எடுத்தபோது, இவர் பெயர் 214-ஆவது. அதற்கப்புறம் மூன்றே பெயர்கள். அதே டிராஃப்டில் இன்னொரு அமெரிக்கக் கோலி ஸ்பென்சர் நைட்டை ஃப்ளோரிடா 13-ஆவதாக எடுத்தது. அவர் வுல்ஃபை விட மூன்று நாள் இளையவர், நல்ல உயரம். 2021 ஜனவரியில் எட்மண்டனில் அமெரிக்க ஜூனியர்கள் கனடாவை 2-0 என்று வென்று தங்கம் வாங்கியபோது இருவரும் ஒரே அணியில் இருந்தார்கள். இறுதி ஆட்டத்தில் வலைக்கு முன் நின்றவர் நைட். அந்த ஏப்ரலிலேயே, இருபது வயது முடிந்த மறுநாள், நைட் என்ஹெச்எல்லில் இறங்கிவிட்டார். (அவருக்கும் பாதை பூப்போட்டதாக இல்லை. 2023-இல் மனநலச் சிகிச்சைக்காக ஆட்டத்தை நிறுத்திவிட்டு விலகி நின்றவர் அவர். அதையும் ஒருநாள் எழுதுங்கள்.)

வுல்ஃப் போனது என்ஹெச்எல்லுக்கு ஒரு படி கீழே இருக்கும் ஏஹெச்எல் லீகுக்கு. 2022, 2023 இரண்டு ஆண்டும் அங்கே சிறந்த கோலி அவர்தான். இரண்டாம் ஆண்டில் லீகின் சிறந்த வீரர் விருதும் சேர்ந்து வந்தது. அந்தப் பருவத்தில் அவர் ஆடிய கால்கரி ராங்லர்ஸ் அணியின் ஆட்டங்களை நானும் மகனும் சாடில்டோமில் பார்த்திருக்கிறோம். ஃப்ளேம்ஸ் ஆடும் அதே அரங்கம். ஆனால் டிக்கெட் மலிவு, மேல் வரிசைகள் காலி, வலைக்குப் பின்னாலேயே இடம் கிடைக்கும். அங்கே உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது: வில்லை வலைக்குப் பின்னால் சுற்றும்போது அவர் உடம்பு அசையவே இல்லை, தலை மட்டும் திரும்பியது. என் மகன் அன்று பாப்கார்னைத் தொடவே இல்லை.

2023 ஏப்ரல் 12-இல் சான் ஹோசேக்கு எதிராக முதல் என்ஹெச்எல் ஆட்டம், 3-1 வெற்றி. அதோடு கதை முடியவில்லை. அடுத்த பருவத்தில் மேலும் கீழுமாக அனுப்பப்பட்டு 17 ஆட்டம்தான் கிடைத்தது, அதிலும் தடுமாறினார். 2024 கோடையில் மார்க்ஸ்ட்ரோம் நியூ ஜெர்சிக்குப் போன பிறகுதான் கதவு திறந்தது. 2024-25 பருவத்தில் 53 ஆட்டம், 29 வெற்றி. சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது வாக்கெடுப்பில் லேன் ஹட்சனுக்கு அடுத்த இடம். அணி 96 புள்ளி எடுத்தும், அதே புள்ளி எடுத்த செயின்ட் லூயிஸ் உள்ளே போக, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்கு வெளியே நின்றது. அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நீங்கள் எழுதிய 'ஒரே ஆண்டு' இதில் எது? டிராஃப்டுக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவில் ஆறு வருடம் இருக்கிறது. என் மகன் சுவரில் ஒட்டியிருப்பது 5.25 கோடியை அல்ல, 214 என்ற எண்ணை.

அமெரிக்கர் என்று ஒரு திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். அவன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு கோலியின் அம்மா,
கால்கரி