சங்க மெயிலுக்கு ஒரு குழு முகவரி வேண்டும்

ஓ.எம்.ஆர். பக்கம் உள்ள எங்கள் குடியிருப்பின் உரிமையாளர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மெயில் அதிகம் வருகிறது என்பதல்ல என் புகார். தண்ணீர் லாரி, லிஃப்ட் சர்வீஸ், பராமரிப்புத் தொகை என்று சொல்ல விஷயம் இருக்கிறது, வரட்டும். வருகிற விதம்தான் படுத்துகிறது. செயலாளர் தன் சொந்த முகவரியிலிருந்து பிசிசி (பெறுநர் பட்டியலை மறைக்கும் நகல்) போட்டு அனுப்புகிறார். பொருளாளருக்கு வேறு முகவரி. சப்ஜெக்ட்டில் ஒரு நாள் 'அறிவிப்பு', மறுநாள் 'மிக முக்கியம்!!!', சில நாள் ஒன்றுமே இல்லை.

"ஃபில்டர் போட்டு ஒரு ஃபோல்டருக்குத் தள்ளிவிடுங்கள் சார்" என்று கூட்டத்தில் சொன்னீர்கள். சரி, ஃபில்டர் என்பது மெயிலைத் தானாகப் பிரிக்கும் விதி. அதை எதை வைத்துப் போடுவது? அனுப்புநரை வைத்தால் அடுத்த நிர்வாகக் குழுத் தேர்தலோடு அந்த விதி செல்லாது. பெறுநரை வைக்கலாமென்றால் பிசிசியில் நம் முகவரியே தெரியாது. 'தண்ணீர்' என்ற சொல்லை வைத்தால் குடிநீர் வாரிய பில்லும் அதே ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு 2001-லேயே வழி செய்துவிட்டார்கள். ஆர்.எஃப்.சி. 2919 என்ற இணையத் தரம் அது. குழு முகவரி என்றால், அந்த ஒரு முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் போகும். அப்படிப் போகும் ஒவ்வொரு மெயிலின் ஹெட்டரிலும், அதாவது மெயிலோடு கூடவே வரும் விவர வரிகளில், 'லிஸ்ட்-ஐடி' என்று ஒரு வரி சேரும். யார் எழுதினாலும், சப்ஜெக்ட் எதுவானாலும் அந்த வரி மாறாது. கூகுளின் குழு மெயில் சேவையான கூகுள் குரூப்ஸ் அதைத் தானாகவே சேர்க்கிறது. ஜிமெயிலில் அந்த வரியைப் பிடித்து ஒரு ஃபில்டர், 'இன்பாக்ஸைத் தவிர்' என்பதில் ஒரு டிக், ஒரு லேபிள். அவ்வளவுதான் வேலை. (ஜிமெயிலில் ஃபோல்டர் கிடையாது, லேபிள்தான்.) தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளிலும் அதே ஹெட்டரை வைத்து விதி எழுதலாம்.

ஆனால் ஒரு குழு போதாது, இரண்டு வேண்டும். ஐப்பசி மழையில் மோட்டார் ரூமுக்குள் தண்ணீர் ஏறி, கரன்ட்டை நிறுத்தப்போகிறோம் என்ற தகவல், பார்க்கிங் சண்டையின் முப்பதாவது பதிலுக்குக் கீழே கிடந்தால் யார் பார்ப்பார்கள்? நிர்வாகிகள் மட்டும் எழுதும் அறிவிப்புக் குழு ஒன்று. அது இன்பாக்ஸிலேயே வரட்டும். எல்லோரும் எழுதும் அரட்டைக்கு இன்னொன்று. அதை அவரவர் ஃபோல்டருக்குத் தள்ளிக்கொள்கிறோம்.

அப்புறம், குழு முகவரியும் அதை நிர்வகிக்கும் மெயில் கணக்கும் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். செயலாளர் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு பாஸ்வேர்டையும் ஒப்படைக்க வேண்டும். அமைக்க ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸ் ரூமுக்கு வருகிறேன், லேப்டாப்போடு.

அன்புடன்,
பி பிளாக் குடியிருப்பாளர்